ஐப்பசியில் வீட்டுக்குள் விழும் ஆறுமணிக்குருவி: செய்யக்கூடாதவை

ஐப்பசி பிறந்தால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் யார் வீட்டிலாவது இது நடக்கும். விடிகாலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், துவைக்கல் ஓரத்தில் குண்டாக ஓர் ஆறுமணிக்குருவி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். பச்சை முதுகு, சிறகில் நீலத்திட்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கிலிருந்து இரவிரவாகப் பறந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரில் மோதியிருக்கும்.

"பாவம், தாயைப் பிரிஞ்சு வழி தவறிடுச்சு" என்பார்கள். முதல் தவறு இந்த நினைப்புதான். வலசை போகும் சிறு பறவைகள் பலவற்றில் இளசுகளைத் தாய் கூட்டிவருவதில்லை. எந்தப் பக்கம், ஏறக்குறைய எத்தனை நாள் பறப்பது என்பது பிறவியிலேயே வருகிறது. திசை பிடிக்கச் சூரியன் மறையும் இடம், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் எல்லாம் உதவுகின்றன. நட்சத்திரப் பாடம் மட்டும் பிறவியில் வருவதில்லை. வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்று பறவை சிறுசாக இருக்கும்போதே பார்த்துப் பழகிக்கொள்கிறது.

அடுத்தது, தூக்கிக்கொண்டு ஓடுவது. எங்கள் தெருப் பையன் ஒருவன், சரணாலயம்தானே என்று பைக்கில் கோடியக்கரைக்கே கொண்டுபோய் விட்டான். நல்ல மனசுதான். அந்தத் தூரத்துக்குப் பெரிய கேடு வந்திருக்காது. கொடைக்கானலுக்குக் கொண்டுபோகிறேன் என்றவரும் உண்டு. 1958இல் பெர்டெக் என்ற டச்சு ஆய்வாளர் வெளியிட்ட சோதனையை அவரிடம் சொன்னேன். மைனா குடும்பத்துப் பறவைகள், 11,000க்கும் மேல், நெதர்லாந்தில் பிடிபட்டு விமானத்தில் சுவிட்சர்லாந்து போய் விடப்பட்டன. அனுபவப்பட்டவை திசையைத் திருத்திக்கொண்டு தங்கள் வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கிப் போயின. முதல் பயணத்தில் இருந்த இளசுகளோ பிறவித் திசையிலேயே பறந்து தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குத் திசை தெரியும், ஊர் தெரியாது. நம் கையில் இருப்பது இளசா பழசா என்று நமக்குத் தெரியாதே! கிடைத்த இடத்திலேயே விடுவதுதான் சரி.

பால், சோறு வேண்டாம். அது புழு பூச்சி தின்னும் பறவை. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டப்படி குற்றம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உச்சி வெயிலில் விட்டால் காக்கை சும்மா விடாது. சாயங்காலம் மூங்கில் புதரடியில் பெட்டியைத் திறந்து வைத்து, வாசல் விளக்கை அணைத்துவிட்டு, அப்புறம் உள்ளே போய்விடுங்கள். மறுநாள் விடியலில் புதருக்குள் ரெட்டை விசில் கேட்டால், அநேகமாக அதுதான்.