பாதி ஈரல் எடுத்தபின் டாப்ளர்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

கோவையில் ஈரல் அறுவை முடிந்தவர்களுக்கு டாப்ளர், அதாவது ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பார்ப்பது என் வேலை. புதிதாக வரும் ஜூனியர்கள் வருடா வருடம் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

பாதி ஈரலுக்குப் பாதி ரத்தம் என்று நினைப்பது

"ஏனுங்க சார், ஈரல் பாதியாயிட்டா ரத்தமும் பாதிதானுங்க போகும்?" என்று கோபிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டார். அவர் கேட்கலாம்; ஜூனியர் அப்படி நினைக்கக்கூடாது. குடல், மண்ணீரல், கணையத்திலிருந்து திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக ஈரலுக்குத்தான் வந்தாக வேண்டும். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் 75 சதவீதம் அதுதான். ஈரலை வெட்டியதால் குடல் சிறுத்துவிடவில்லையே! கீழ்பவானி வாய்க்காலின் மொத்தத் தண்ணீரையும் பாதி வயலுக்கே திருப்பிவிட்ட கதைதான். 70 சதவீதம் எடுத்துவிட்டால், மிச்ச ஈரலின் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு போர்ட்டல் ரத்தம். அவ்வளவு ரத்தம் பாயும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் உரசலும் ஈரல் மறுபடி வளரத் தூண்டுகிறது.

தமனி மெலிந்ததும் 'அடைப்பு' என்று எழுதுவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. ஈரலுக்குள் அடினோசின் என்ற வேதிப்பொருள் ஓயாமல் சுரந்து ஈரல் தமனியை விரித்து வைக்கிறது. போர்ட்டல் ஓட்டம் கூடினால் அடினோசினைக் கழுவிக்கொண்டு போய்விடும், தமனி இறுகும். உடலியங்கியல் ஆய்வாளர் வெய்ன் லாட் இதை 1980களிலேயே விளக்கிவிட்டார். ஆர்.ஐ., அதாவது தமனியில் ஓட்டத்துக்கு உள்ள எதிர்ப்பைக் காட்டும் எண், வழக்கமாக 0.55 முதல் 0.8 வரை; அறுவைக்குப் பின் முதல் சில நாள்கள் அதைத் தாண்டலாம், பெரும்பாலும் தானே இறங்கும்.

ஒரு ராத்திரி ஜூனியர் ஒருவர் தமனியை மட்டும் பார்த்து 'அடைப்பு' என்று எழுதிவிட்டார். நோயாளியை அவசரமாக சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய், ரத்தக்குழாய் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினார்கள். தமனி ஒல்லியாக, ஆனால் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த கிட்னிக்குத்தான் அடி; கிரியாட்டினின் ஏறியது. ரிப்போர்ட்டில் போர்ட்டல் வேகம் என்ற வரியே இல்லை!

அதற்காக அலட்சியமும் கூடாது. தமனியில் சிக்னலே கிடைக்காவிட்டால் அந்த நிமிடமே சர்ஜனைக் கூப்பிடுங்கள். அலை மெதுவாக ஏறி, ஆர்.ஐ. 0.5-க்குக் கீழே போனால் குறுக்கமா என்று சந்தேகப்படுங்கள்.

போர்ட்டல் வேகம் எவ்வளவு ஏறினாலும் மகிழ்வது

அளவு மீறினால் சேதம். மாற்று அறுவையில் பொருத்திய ஈரலின் எடை, பெறுபவரின் உடல் எடையில் 0.8 சதவீதத்துக்குக் கீழே என்றால் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வரக்கூடும். போர்ட்டல் ரத்தத்தைக் குறைக்க மண்ணீரல் தமனியைக் கட்டும் சர்ஜன்கள் உண்டு.

சாப்பிட்ட கையோடு அளப்பது

வேண்டாம். போர்ட்டல் ஓட்டம் தானாகவே கூடியிருக்கும்.

நேற்றைய ரிப்போர்ட்டைத் திறக்காமல் எழுதுவது

முதலில் அதைத் திறந்து பாருங்கள், அப்புறம் ஸ்கேன் புரோபைக் கையில் எடுங்கள்.