முன்கூட்டியே ஓய்வு பெறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐம்பது வயதை ஒட்டி வேலையை விட்டுவிட்டு அளவான வருமானத்தில் வாழ முடிவெடுப்பவர்கள், பணக்கணக்கைப் பலமுறை போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கிலும் பிழைகள் நேர்கின்றன என்றாலும், வெறுமையாகக் கிடைக்கப்போகும் நாட்களைப் பற்றி எந்தக் கணக்கும் போடாமல் இருப்பதையே நான் பெரிய தவறாகக் கருதுகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, இன்றைய மாதச் செலவையே என்றைக்குமான செலவாக எடுத்துக்கொள்வது ஆபத்தானது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 12 ஆண்டுகளில் செலவு இரு மடங்காகும். 24 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். முழுச் சேமிப்பையும் நிலையான வட்டி தரும் வைப்பில் போட்டு, வட்டி முழுவதையும் செலவழிப்பவரின் அசல் தொகை குறையாது. அதன் வாங்கும் சக்தி மட்டும் ஓசையின்றிக் கரையும். சேமிப்பில் முதல் ஆண்டு 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அத்தொகையை உயர்த்தலாம் என்ற பரவலான விதியையும் அப்படியே பின்பற்றக் கூடாது. 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் முன்வைத்த ஆய்விலிருந்து வந்த அந்த விதி, அந்நாட்டுச் சந்தை நிலவரத்தையும் 30 ஆண்டுக் காலத்தையும் அடிப்படையாகக் கொண்டது. நாற்பத்தைந்தில் ஓய்வு பெறுபவருக்கோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் பணம் தேவைப்படலாம். மருத்துவக் காப்பீட்டை அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்தால், வேலையை விடும் முன்பே மாற்று ஏற்பாட்டை முடித்துவிட வேண்டும்.

நாட்களைப் பற்றிய தவறு சில மாதங்கள் கழித்தே தெரியவரும். தொடக்கத்தில் எல்லாம் நீண்ட விடுமுறை போலத் தோன்றும். பிறகு, காலையில் எழுந்ததும் நம்மை எதிர்பார்த்து எவரும் இல்லை என்ற உணர்வு மெல்லத் தலைதூக்கும். வேலை சம்பளத்தோடு நேர ஒழுங்கையும், பேச்சுத்துணையையும், நம்மால் ஒன்று ஆகிறது என்ற நிறைவையும் தந்துகொண்டிருந்தது. இந்த மூன்றுக்கும் மாற்றுத் தேடாதவர்கள் அந்த வெறுமையைப் பொருட்கள் வாங்கி நிரப்ப முயல்கிறார்கள். அளவான வருமானம் அதைத் தாங்காது.

இதற்கு நேர்மாறாக, அச்சத்தால் எல்லாவற்றையும் வெட்டிவிடுவதும் தவறே. நண்பரைப் பார்க்கப் போகும் பயணச் செலவையும் மனத்துக்குப் பிடித்த ஒரு கலைக்கான சிறு தொகையையும் நிறுத்திவிட்டு மிச்சப்படுத்தும் பணம், எந்த வாழ்க்கைக்காக வேலையை விட்டோமோ அந்த வாழ்க்கையையே பறித்துவிடுகிறது. பயன்படாத பெரிய வீடு, எப்போதாவது ஓடும் வாகனம் போன்ற பெருஞ்செலவுகளைக் குறைத்தால், சின்னச் சின்ன மகிழ்ச்சிகளில் கைவைக்க வேண்டியிருக்காது.

துணைவரிடம் பேசாமல் முடிவெடுப்பதையும், மொத்தத் தொகை கைக்கு வந்த முதல் ஆண்டிலேயே கடன் கொடுப்பதையும் தொழில் தொடங்குவதையும் தவிர்க்க வேண்டும். தேவைப்பட்டால் பகுதிநேரப் பணியை ஏற்பதைத் தோல்வியாக எண்ணி ஒதுக்குவதும் வேண்டாம்; வாரம் இரண்டு நாள் உழைப்பில் வரும் சிறு வருமானம், பங்குச்சந்தை சரிந்திருக்கும் ஆண்டில் சேமிப்பிலுள்ள பங்குகளை நட்டத்துக்கு விற்கும் நிலையைத் தவிர்க்க உதவும்.