கம்மின்ஸ் 6பிடி: டேப்பட் வைக்கும் முறையும், உள்ளே ஒளிந்திருக்கும் டவல் பின்னும்

சிறந்த இன்ஜின் எது என்று பேச்செடுத்தால் காரில் 1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8-உம் டொயோட்டாவின் 2ஜேஇசட்-உம் கட்டாயம் வரும். லாரி, பிக்கப் பக்கம் திரும்பினால் முதல் இடம் கம்மின்ஸ் 6பிடி டீசல் இன்ஜினுக்குத்தான். வரிசையாக ஆறு சிலிண்டர், 102 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), மொத்தம் 5.9 லிட்டர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கொலம்பஸ் நகரில் இருக்கும் கம்மின்ஸ் நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த இந்த பி சீரிஸ் இன்ஜினை, 1989 மாடல் ராம் பிக்கப்பில் டாட்ஜ் பொருத்தியது. அப்போது 160 குதிரைத்திறன்தான். ஆனால் டார்க் சுமார் 542 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,700 ஆர்.பி.எம். அளவிலேயே. இந்தியாவில் 1993-இல் உருவான டாடா கம்மின்ஸ் ஜாம்ஷெட்பூரில் இதே குடும்பத்து இன்ஜின்களைச் செய்தது. 1613, 2515 லாரி ஓட்டியவர்களுக்கு இதன் சத்தம் பழகியது.

இது ஏன் இவ்வளவு நாள் ஓடுகிறது? கேம் ஷாஃப்ட்டையும் டீசல் பம்பையும் சுற்ற பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை, எல்லாம் கியர். கிராங்க்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். ஹெட்டில் 26 போல்ட், ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் ஆறு. லைனர் (சிலிண்டருக்குள் செருகும் தனிக் குழாய்) கிடையாது, பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: தேய்ந்தால் லைனரைத் தட்டி எடுத்து மாற்ற வழியில்லை, போரிங் போட்டு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன்தான் வைக்கவேண்டும். ஆனால் எங்கள் கணக்கில் இதன் உண்மையான பெருமை வேறு. ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு மூன்று ஸ்பேனர், இறுக்கும் அளவைக் காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் இருந்தால் இதைச் சரியான நிலையில் வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் தேவையில்லை. கீழே சொல்வதெல்லாம் 12 வால்வு (சிலிண்டருக்கு இரண்டு) இன்ஜினுக்கு. 24 வால்வுக்கு ஹெட்டே வேறு.

டேப்பட் வைக்கும் முன்

சுமார் 38,000 கி.மீ. அல்லது 1,000 மணி நேரம் ஓடியதும் வால்வு கேப் பார்க்கவேண்டும்; அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலான ராக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளி. இதைச் சரிசெய்வதுதான் டேப்பட் வைப்பது. இன்ஜின் ஆறியிருக்கவேண்டும்: கூலன்ட் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வேலையைத் தொடங்குவது உத்தமம். சூட்டில் வைத்த கேப், ஆறியதும் வேறாகிவிடும்.

இன்ஜினின் முன்பக்கம் கியர் ஹவுசிங்கில் ஒரு டேட்டா பிளேட் இருக்கும். மண்ணும் ஆயிலும் படிந்து எழுத்தே தெரியாது. டீசல் நனைத்த துணியால் துடைத்தால் வால்வு கேப், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும். 6பிடி-க்கு பொதுவாக இன்டேக் (காற்று நுழையும் வால்வு) 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) 0.50 மி.மீ. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. பிளேட்டில் வேறு எண் இருந்தால் பிளேட் சொல்வதுதான் சரி. வேறு லாரியில் வைத்துப் பழகிய அளவைக் கை வழக்கத்தில் இதற்கும் வைத்துவிடாதீர்கள்.

எக்ஸாஸ்டுக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு? எரிந்த வாயு முழுக்க அந்த வால்வைத் தடவிக்கொண்டுதான் வெளியே போகிறது. அதன் தண்டு அதிகமாக நீளும். கேப் குறைவாக இருந்தால் சூட்டில் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. உட்காராத வால்வுக்குச் சூட்டை இறக்கிவைக்க இடமில்லை, விளிம்பு எரிந்து கம்ப்ரஷன் போய்விடும். கேப் அதிகமானால் டக் டக் என்று சத்தம் வரும், புஷ் ராடும் (கேமிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) ராக்கரும் அடிவாங்கும், வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்றால் கொஞ்சம் லூஸாக இருப்பதே மேல். சத்தம் போடும் வால்வு உங்களுக்குத் தகவல் சொல்கிறது; டைட்டான வால்வு சத்தமில்லாமல் எரியும்.

ஒன்றாம் சிலிண்டரை டி.டி.சி-க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவருதல்

இந்த 12 வால்வு ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி டேப்பட் கவர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே போல்ட். ஆறையும் கழற்றி அதே வரிசையில் வையுங்கள். ரப்பர் கேஸ்கெட் விறைக்காமல், வெடிக்காமல் இருந்தால் மறுபடி போடலாம்.

இன்ஜினைச் சுற்ற ஃப்ளைவீல் ஹவுசிங்கில் உள்ள ஓட்டையில் பாரிங் டூல் (ஃப்ளைவீல் பல்லில் மாட்டிச் சுற்றும் கருவி) போட்டுச் சுற்றுவதுதான் முறை. முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசை. கியர் ஹவுசிங்கின் பின்பக்கம், டீசல் பம்புக்குக் கீழே ஒரு டைமிங் பின் இருக்கும். ஒருவர் அதை மெதுவாக உள்ளே அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவேண்டும். கேம் கியரில் உள்ள துளை நேருக்கு வந்ததும் பின் உள்ளே போய்விடும். அதுதான் ஒன்றாம் சிலிண்டரின் கம்ப்ரஷன் டி.டி.சி., அதாவது காற்றை அழுத்தி முடித்து பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அந்த பின் பிளாஸ்டிக். உள்ளே போனதும் நிலையைக் குறித்துக்கொண்டு, உடனே வெளியே இழுத்துவிடவேண்டும். இழுக்காமல் சுற்றினால் முறிந்து துண்டு உள்ளே விழும்.

முன்பே யாரோ பின்னை முறித்துவிட்ட வண்டி என்றால் ஆறாம் சிலிண்டரின் ராக்கர்களைக் கவனியுங்கள். ஒன்றும் ஆறும் ஒன்றாக ஏறி இறங்கும் ஜோடி. ஆறில் ஒரு வால்வு மூடி முடிக்கும்போதே இன்னொன்று திறக்கத் தொடங்கும்; அந்த இரண்டும் சேர்ந்து அசையும் இடத்தின் நடுவில் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷன் டி.டி.சி-யில் நிற்கிறது. அப்போது ஒன்றின் இரண்டு ராக்கரும் கையில் ஆடும். மூடி முடிக்கும் வால்வு எக்ஸாஸ்ட், திறக்கத் தொடங்குவது இன்டேக். ஒவ்வொரு சிலிண்டரிலும் முன்பக்கம் இருப்பது இன்டேக், பின்பக்கம் எக்ஸாஸ்ட் என்பதை இந்த அசைவிலேயே உறுதி செய்துகொள்ளலாம்.

கேப் வைத்தல்

ஒன்று கம்ப்ரஷன் டி.டி.சி-யில் நிற்கும்போது வைக்கவேண்டியவை: இன்டேக்கில் 1, 2, 4, எக்ஸாஸ்டில் 1, 3, 5.

பிறகு கிராங்க்கின் முன்முனையிலுள்ள டேம்பர் புல்லியிலும் கியர் கவரிலும் நேருக்கு நேர் சாக்பீஸ் கோடு போட்டு, பின் வெளியே இருக்கிறதா என்று மறுபடி பார்த்து, சரியாக ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி. இப்போது மிச்சமுள்ளவை: இன்டேக்கில் 3, 5, 6, எக்ஸாஸ்டில் 2, 4, 6. இரண்டே நிறுத்தத்தில் பன்னிரண்டும் முடிந்துவிடும். வைத்து முடித்ததில் எல்லாம் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்; விட்டுப்போன வால்வு உடனே கண்ணில் படும்.

கேஜை ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையில் நேராக விடுங்கள், சாய்க்காமல். லாக் நட்டைத் தளர்த்தி, நடுவிலுள்ள திருகை கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நகரும்வரை சுற்றுங்கள். இழுத்தால் தடை தெரியவேண்டும், ஆனால் வளையாமல் வரவேண்டும். 0.25 சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் 0.30 தகட்டை விட்டுப் பாருங்கள், போகக்கூடாது. பிறகு ஸ்க்ரூ டிரைவரால் திருகைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை 24 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கவும். இறுக்கும்போது திருகும் கொஞ்சம் கூடவே சுற்றி கேப் குறையும். அதனால் இறுக்கிய பின் கேஜ் போட்டுப் பார்க்காத வால்வு, வைக்காத வால்வுக்குச் சமம்.

புஷ் ராடின் தலை ராக்கர் திருகின் அடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் உருட்டிப் பாருங்கள். ஒரு வால்வில் மட்டும் கேப் மற்றவற்றைவிட மிக அதிகமாகத் திறந்திருந்தால் திருகை இறக்கி மூடிவிடாதீர்கள். புஷ் ராடு வளைந்திருக்கலாம், அதன் அடியில் கேமில் உரசும் டேப்பட் என்ற பாகமோ கேம் முனையோ தேய்ந்திருக்கலாம். அதைப் பார்த்த பிறகுதான் கேப். டேப்பட் கவர் போல்ட்டுக்கும் 24 நியூட்டன் மீட்டர் போதும்.

டவல் பின்

இவ்வளவு நல்ல இன்ஜினுக்கு ஒரு பொல்லாத குறை உண்டு. 1989 முதல் 1998 வரையிலான டாட்ஜ் ராம் இன்ஜின்களில் இது எல்லாரும் அறிந்த பிரச்சினை. கியர் ஹவுசிங்கை பிளாக்கில் நேராக உட்காரவைக்க ஒரு எஃகு டவல் பின் அடித்திருப்பார்கள். அதன் முன்னால் தடுப்பு எதுவும் இல்லை. வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல வெளியே நகரும். விழுந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் சம்ப்புக்குள் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) போய் கிடக்கும். இல்லையென்றால் கியர் பற்களுக்கு நடுவே சிக்கும்: பல் உடையும், ஹவுசிங் பிளந்து ஆயில் கொட்டும், டைமிங் போனால் வால்வும் பிஸ்டனும் மோதும். பழைய வண்டி வாங்கினால் இதை முதலில் பாருங்கள்.

ஃபேன், பெல்ட், டேம்பர் புல்லி, முன் கவர் கழற்றவேண்டும். கேம் கியருக்கு அருகே ஹவுசிங்கில் பின்னின் துளை தெரியும். பின் வெளியே எட்டிப்பார்த்தால் பஞ்ச் வைத்து அளவாகத் தட்டி உள்ளே இறக்குங்கள். பக்கத்திலேயே ஹவுசிங்கைப் பிடிக்கும் 8 மி.மீ. போல்ட் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று மி.மீ. எஃகுத் தகட்டில் சின்னத் துண்டு வெட்டி, துளை போட்டு, அந்த போல்ட்டுக்கு அடியில் வைத்து, அதன் நாக்கு பின்னின் வாயை மறைக்கும்படி திருப்பி இறுக்கவேண்டும். போல்ட் மரையில் ஆயில் இல்லாமல் துடைத்து நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு 24 நியூட்டன் மீட்டர். மற்ற ஹவுசிங் போல்ட்களும் தளர்ந்திருப்பது வழக்கம். ஒவ்வொன்றாகக் கழற்றி அதேபோல லாக்டைட் போட்டு இறுக்குங்கள். கவர் மூடும் முன் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, தகடு எந்தக் கியரையும் தொடவில்லை என்று பார்க்கவேண்டும்.

முன் ஆயில் சீலைப் புதிதாகவே போடுங்கள். மற்ற சீல்களுக்குச் செய்வதுபோல் உதட்டில் ஆயில் தடவினால் இது கசியும். கிராங்க் முனையைச் சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த நிலையில், கிட்டோடு வரும் பிளாஸ்டிக் வழிகாட்டி வளையத்தால்தான் ஏற்றவேண்டும். டேம்பரின் நான்கு போல்ட்டுக்கும் 125 நியூட்டன் மீட்டர்.

வாங்குபவர்களும் ஓட்டுபவர்களும் பார்க்கவேண்டியவை

1998 நடுவில் ராமில் வந்த 24 வால்வு இன்ஜினைப் பார்க்கப் போனால் பிளாக்கின் பக்கத்தில் 53 என்று வார்த்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வார்ப்பில் சில பிளாக்குகள் தண்ணீர் ஜாக்கெட் பக்கம் விரிசல் விடும். அதோடு அந்த இன்ஜினின் எலக்ட்ரிக் ஃபீட் பம்ப் (டேங்க்கிலிருந்து டீசல் கொண்டுவருவது) பலவீனமானது. அது சோர்ந்தால் டீசல் பற்றாமல் விலை உயர்ந்த விபி44 டீசல் பம்பும் கூடவே போகும். ஃபீட் பிரஷர் கேஜ் வைக்காமல் அந்த வண்டியை ஓட்டக்கூடாது.

12 வால்வில் ஹீட்டர் பிளக் கிடையாது. ராமில் காற்று போகும் வழியில் கிரிட் ஹீட்டர் இருக்கிறது. அதனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஈதர் ஸ்ப்ரே அடிப்பது ஆபத்து. சூடான கிரிட்டில் பட்டால் மேனிஃபோல்டிலேயே தீப்பிடித்து வெடிக்கும்.

பாரம் இழுத்து வந்து நிறுத்தினால் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். உடனே அணைத்தால் டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகிவிடும்.

இரவு நிறுத்தி காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஆன பிறகு நன்றாக ஓடுகிறது என்றால் பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்பும் முன் ஹெட்டின் பின்புறமுள்ள ரப்பர் டீசல் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். வெடித்த ஹோஸ் வழியாக டீசல் வெளியே கசியாமலே இரவில் காற்று உள்ளே ஏறும். ஹோஸும் கிளிப்பும் மாற்றி, பி7100 வகை டீசல் பம்ப் உள்ள இன்ஜினில் ஃபீட் பம்ப்பின் ரப்பர் பொத்தானைக் கையால் அழுத்திக்கொண்டே இருங்கள். பம்ப்பின் ஓவர்ஃப்ளோ வால்வு கீச்சென்று சத்தம் போட்டால் காற்று போய் டீசல் நிரம்பிவிட்டது, செல்ஃப் அடிக்கலாம்.