குடைவரைக் கோயில்களைச் சரியான வெளிச்சத்தில் பார்ப்பது எப்படி: பிள்ளையார்பட்டி முதல் பெட்ரா வரை

எல்லோரா, ஜோர்டானின் பெட்ரா, எகிப்தின் அபு சிம்பல் போன்ற இடங்களுக்குப் பெருஞ்செலவு செய்து போய், நிழலில் மூழ்கிய பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். பாறையைக் குடைந்து செய்த கோயிலுக்குள் வெளிச்சம் பெரும்பாலும் வாயில் வழியாக மட்டுமே வரும் என்பதால், நாம் அங்கே எந்தப் பொழுதில் நிற்கிறோம் என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது. அதைப் பழகிக்கொள்ளச் செட்டிநாட்டையும் அதை ஒட்டிய புதுக்கோட்டைச் சீமையையும்விடப் பொருத்தமான இடம் இல்லை.

முதல் படி, குடைவரை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று அறிவது. கிழக்கு நோக்கியதற்குக் காலையிலும், மேற்கு நோக்கியதற்குப் பிற்பகலிலும் செல்ல வேண்டும். சித்தன்னவாசல் இதற்கு நல்ல பாடம். அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை குன்றின் மேற்குச் சரிவில் இருக்கிறது. சமணர் படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளும் உள்ள ஏழடிப்பட்டமோ கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே காலையில் படுக்கைகளையும், 3 மணிக்குப் பிறகு அறிவர் கோயிலின் கூரையிலுள்ள தாமரைக்குள ஓவியத்தையும் பாருங்கள். எல்லோராவின் குகைகளும் மேற்கு நோக்கியவை. கைலாசநாதர் கோயிலுக்குப் பிற்பகலே உகந்தது.

இரண்டாவது படியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். திசையை மட்டும் அறிந்தால் போதாது. எதிரே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்ராவில், ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள சிக் என்னும் இடுக்குவழியின் முடிவில் நிற்கும் அல் கஸ்னே என்ற குடைவரை முகப்பு கிழக்கு நோக்கியதுதான் என்றாலும், எதிரே செங்குத்தான பாறைச் சுவர் எழுந்து நிற்பதால் விடியற்காலையில் அதன்மேல் வெயில் படுவதில்லை. காலை நடுப்பொழுதில் சிறிது நேரமே படுகிறது. அதே ஊரின் மலையுச்சியில் மேற்கு நோக்கி இருக்கும் அத் தெய்ர் என்ற இன்னொரு குடைவரை மாலை வரை ஒளி பெறுகிறது. எனவே கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, வாயிலுக்கு எதிரே குன்றோ கட்டடமோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நம் பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகர் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். குடைவரைக்கு முன்னால் பிற்காலத்து மண்டபங்கள் எழுந்துவிட்டதால் அங்கே சூரியனைக் கணக்கிடுவதில் பயனில்லை. விளக்கொளியில், தீபாராதனை நேரத்தில் பார்ப்பதே முறை. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்வெட்டுகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. குடுமியான்மலையில் ஏழு பண்களின் சுரக்கோவைகளைக் (சுர வரிசைகளைக்) கிரந்த எழுத்தில் பொறித்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. அந்த எழுத்துகள் ஆழமற்றவை. வெளிச்சம் நேராக விழுந்தால் அவை பாறையோடு பாறையாக மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் ஒவ்வொரு கோட்டிலும் நிழல் தங்கி எழுத்து எழும்பித் தெரியும். ஒரு சிறிய டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்தாலும் இதே பயன் கிடைக்கும். கைப்பேசி விளக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அது கேமராவின் பக்கத்திலிருந்தே நேராக அடிக்கிறது. ஓவியங்களின் மேல் எந்த விளக்கையும் அடிக்கக் கூடாது. கூரை ஓவியங்களுக்கு, இரண்டு மீட்டர் தொலைவிலும் தெளிவாகக் காட்டும் சிறிய பைனாகுலர் விலையுயர்ந்த கேமராவைவிடப் பயனுள்ளது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் கேமரா முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோராவுக்குச் செவ்வாயும் அஜந்தாவுக்குத் திங்களும் விடுமுறை. பெட்ராவுக்குச் செல்கிறவர்கள் ஜோர்டான் பாஸ் என்னும் சுற்றுலா அனுமதிச்சீட்டை முன்கூட்டியே வாங்கி, அந்நாட்டில் குறைந்தது மூன்று இரவுகள் தங்கினால் விசாக் கட்டணம் இல்லை. அபு சிம்பலின் பெரிய கோயில் கிழக்கு நோக்கியது. பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாள்களில் உதயசூரியனின் ஒளி கருவறை வரை செல்கிறது. அஸ்வானிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர் என்பதால், முந்தைய இரவே அபு சிம்பலில் தங்குவது நல்லது. எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் பாறையில் வெட்டிய 11 தேவாலயங்களுக்குள்ளும் நம் கோயில்களைப் போலவே செருப்பைக் கழற்ற வேண்டும். தடித்த பருத்திக் காலுறை எடுத்துச் செல்லுங்கள்.

பின்சேர்க்கை: கைப்பேசியின் திசைகாட்டி தவறாகக் காட்டுவதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். காந்தம் வைத்த மூடியுறை இருந்தால் அப்படித்தான் ஆகும். உறையைக் கழற்றிவிட்டு, காரிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பாருங்கள். ஆயாவையும் ஐயாவையும் (பாட்டி, தாத்தாவை) திருமயத்துக்கு அழைத்துச் செல்லலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த சிவன், பெருமாள் குடைவரைகளுக்குத் தாராளமாக அழைத்துச் செல்லலாம். கோட்டைக்குள் பாறையின் நடுவே இருக்கும் லிங்கக் குடைவரைக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும் என்பதால், அவர்களைக் கீழே நிழலில் அமர வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். பாறை சுடுவதற்கு முன் இறங்கிவிடுங்கள்.