சரவாங்கிச் சோர்வு: மைட்டோகாண்டிரியாவைக் காப்பாற்றும் வழி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கிறவரோ, ஏற்காட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவரோ "காலையில் விரல் மடங்க மாட்டேங்குது, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றால் வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வேலைக் களைப்பு தூங்கி எழுந்தால் குறையும். சரவாங்கி, அதாவது முடக்குவாதம், தூங்கி எழுந்ததும்தான் அதிகம் வாட்டும்.

முதலில் இதைப் பாருங்கள். காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா? விரல்களின் அடிமூட்டு வரிசையைப் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா? வீக்கம் இருக்கிறதா? இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவிலோ, மூட்டுவாத நிபுணரிடமோ உடனே காட்டுங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்ப்பார்கள். முதல் இரண்டும் இந்த நோயைக் காட்டும், மற்ற இரண்டும் அழற்சியின் அளவைக் காட்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகாது. அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் மருந்து ஆரம்பிப்பது எலும்பு அரிப்பைத் தடுக்க மிகவும் உதவும்.

சோர்வு எங்கிருந்து வருகிறது? மூட்டின் உள்சவ்வு தடித்து வளரும் வேகத்துக்கு ரத்தக்குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. ஆக்சிஜன் பற்றாக்குறை உண்டாகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா, காற்றுப் போதாத அடுப்பு புகைவதைப் போல, ஆற்றலைக் குறைத்து, தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அதிகம் வெளியிடுகிறது. சேதமானால் அதன் டி.என்.ஏ. மூட்டு நீருக்குள் கசிகிறது. மைட்டோகாண்டிரியா ஆதியில் பாக்டீரியாவிலிருந்து வந்தது; அந்த டி.என்.ஏ.வில் பாக்டீரியாவின் சாயல் இன்னும் இருப்பதால், நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமி புகுந்துவிட்டதாக எண்ணித் தாக்குகின்றன. அழற்சி கூடுகிறது, சேதமும் கூடுகிறது. அதனால் மைட்டோகாண்டிரியாவுக்கு நல்லதென்று விற்கப்படும் கோ-கியூ10 மாத்திரை வாங்குவதைவிட, அழற்சியை அடக்குவதே முதல் வேலை.

பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்தான் தொடக்க மருந்து. வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. நாள்காட்டியில் ஒரு கிழமையைச் சுற்றிவையுங்கள். ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன வேறு நாளில் போடுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், அதற்குள் நிறுத்தாதீர்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனைகளைத் தவறவிடக்கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேரக்கூடாது. வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள். மது வேண்டாம். கர்ப்பம் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் நோயை மோசமாக்கும். பெயரில்லாப் பொட்டலப் பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அந்தப் பொடியைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம், மருந்துக்குப் பதிலாக அல்ல.

அடுத்தது நடை. தசை வேலை செய்தால்தான் புதிய மைட்டோகாண்டிரியா உருவாகும். படுத்தே கிடந்தால் எண்ணிக்கை குறைந்து சோர்வு இன்னும் ஏறும். விறைப்பு விட்டபின், கையை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மூக்கனேரிக் கரை மாதிரி சமதரையில் 10 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். வாரந்தோறும் இரண்டு, மூன்று நிமிடம் கூட்டி, மெதுவாக வாரம் 150 நிமிடம் வரை போகலாம். ஏற்காட்டுச் சரிவில் இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் அதிகம், கைத்தடி பயன்படுத்துங்கள். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 8 முறை செய்யுங்கள்.

நடந்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் மூட்டுவலி கூடுதலாக இருந்தால், அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். சூடாக வீங்கிய மூட்டுக்கு அன்று பாரம் வேண்டாம். வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டினால் போதும். மருந்து பிடித்து வீக்கம் வடிந்தும் சோர்வு போகாவிட்டால், ஹீமோகுளோபின், தைராய்டு, தூக்கம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.