ஆட்குறைப்புக்குப் பின் ஐடி சான்றிதழ்: மலையக இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனங்களிலும் அழைப்பு நிலையங்களிலும் வேலை பார்த்துவிட்டு, ஆட்குறைப்புக் கடிதத்தோடு ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ திரும்பும் இளைஞர்களில் பலர், வந்த கையோடு ஏதாவதொரு சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். வீட்டில் சும்மா இருக்கிறான் என்று அக்கம்பக்கத்தார் பேசிவிடக் கூடாதே என்ற கூச்சமும், மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பிய பணம் நின்றுபோன கவலையும் அந்த அவசரத்துக்குக் காரணம். அவசரத்தில் நியாயம் உண்டு. ஆனால், எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்பது முடிவாகும் முன்பே எந்தச் சான்றிதழ் என்பது முடிவாகிவிடுகிறது. முதல் தவறு இதுதான். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே முளைக்கின்றன.

வேலையிலிருந்து சான்றிதழுக்கு வர வேண்டுமே தவிர, சான்றிதழிலிருந்து வேலைக்குப் போகக் கூடாது. டொப்ஜொப்ஸிலும் லிங்க்ட்இன்னிலும் உங்களுக்குப் பொருந்தக்கூடிய விளம்பரங்களை முப்பது நாற்பது எடுத்து, அவற்றில் கேட்கப்படும் தகைமைகளை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டொரு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வலையமைப்பு வேலைகளுக்கு சிஸ்கோவின் சிசிஎன்ஏ, மென்பொருள் பரிசோதனைக்கு ஐஎஸ்டிகியூபி அடிப்படை நிலை, கிளவுட் (இணையவழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிச் சேவை) சார்ந்த வேலைகளுக்கு அமேசன் அல்லது மைக்ரோசொப்ட் அஷூர் சான்றிதழ்கள் என்று ஒரு கோலம் தெரியவரும். மென்பொருள் எழுதுவோருக்கான விளம்பரங்களிலோ சான்றிதழ் பெரும்பாலும் ஓரமாகத்தான் நிற்கும். அங்கே நீங்கள் எழுதிய நிரலைத்தான் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையைத் தேடுபவர் சான்றிதழுக்காகச் செலவிடும் மூன்று மாதத்தை, ஓடக்கூடிய ஒரு செயலியை முடித்து, நிரல்களைப் பிறர் பார்க்க வைக்கும் தளமான கிட்ஹப்பில் போடுவதற்குச் செலவிடலாம்.

அடுத்தது, கையிலிருக்கும் அனுபவத்தைத் தூக்கியெறிந்துவிட்டு நாகரிகத்தின் பின்னால் ஓடுவது. நான்கு ஆண்டுகள் மென்பொருள் பரிசோதனை செய்த ஒருவர், இப்போதெல்லாம் இணையப் பாதுகாப்புக்குத்தான் மவுசு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கம் தாவினால், நான்கு ஆண்டு அனுபவத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாகப் படித்து வந்த பட்டதாரிகளோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதே ஆள் பரிசோதனையைத் தானியங்கியாகச் செய்யும் திறமையைச் சேர்த்துக்கொண்டால் ஒரு படி மேலே விண்ணப்பிக்கலாம். வேலை இழந்த காலம் திசை மாற்றத்துக்கு ஏற்ற காலம் என்று பலரும் சொல்வார்கள். மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டுக்கு அந்த அறிவுரை பெரும்பாலும் பொருந்தாது என்பதே என் கருத்து.

தாவியே தீருவேன் என்பவர்கள்கூட அந்தச் சான்றிதழின் நுழைவு நிபந்தனைகளை வாசிக்காமல் தாவுகிறார்கள். சிஐஎஸ்எஸ்பி என்ற பெயர் பெற்ற பாதுகாப்புச் சான்றிதழுக்கு, அதன் எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டில் மொத்தம் 5 ஆண்டுச் சம்பள அனுபவம் வேண்டும். பட்டம் இருந்தால் ஓராண்டு கழியும். பரீட்சையில் மட்டும் சித்தியடைந்தால் கிடைப்பது இணை உறுப்பினர் நிலைதான். திட்ட முகாமைத்துவத்துக்கான பிஎம்பியும் அப்படியே, பட்டதாரியிடம் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவத்தைக் கேட்கிறது. கொம்ப்டியா அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழான செக்கியூரிட்டி பிளஸுக்கோ சிசிஎன்ஏவுக்கோ இத்தகைய கட்டாய நிபந்தனை இல்லை. வகுப்பு நடத்துபவர் இந்த வித்தியாசத்தைத் தாமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

பண விடயத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். வேலையை விட்டு நீங்கியவர் ஊழியர் நம்பிக்கை நிதியத்திலுள்ள மிகுதியைக் கோரலாம். ஊழியர் சேமலாப நிதியோ பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வரை கைக்கு வராது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களுள்ள நிறுவனத்தில் 5 ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவர்களுக்குப் பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்பது கணக்கு. மூன்று ஆண்டுக்கொரு முறை கம்பனி மாறும் நமது ஐடி இளைஞர்களில் பலருக்கு அதுவும் இல்லை. ஆக, கையில் வருவது சிறு தொகை. அந்தத் தொகை முழுவதையும், போதாததற்கு அம்மாவின் நகையை அடகு வைத்த காசையும், நான்கு சான்றிதழ்களை ஒரே பொதியாகத் தருவதாகச் சொல்லும் நிறுவனத்திடம் கட்டுவதுதான் மிகக் கேடான தெரிவு.

பரீட்சைக் கட்டணம் வேறு, வகுப்புக் கட்டணம் வேறு. சிசிஎன்ஏ பரீட்சைக்கு 300 அமெரிக்க டொலர். அமேசனின் ஆரம்பநிலைப் பரீட்சைக்கு 100, அதற்கு அடுத்த நிலைக்கு 150 டொலர். தவறினால் மறுபடி முழுக் கட்டணம். 2022இல் ரூபாய் சரிந்தபோது இதே டொலர் கணக்கு ரூபாயில் எப்படி ஏறியது என்பதை அறிந்தவர்கள், ரூபாயில் பட்ஜெட் போடும்போது கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்வார்கள். வகுப்புக் கட்டணத்தைப் பொறுத்தவரை, மைக்ரோசொப்ட் லேர்ன் தளத்திலுள்ள பாடங்கள் இலவசம். சிஸ்கோவின் பெக்கெட் ட்ரேசர் மென்பொருளும் இலவசம், அதில் சுவிட்சும் ரவுட்டரும் வாங்காமலே வலையமைப்பு கட்டிப் பழகலாம். தனியாகப் படிக்க முடியாதவருக்கு ஆசிரியர் தேவைதான். அப்படியானால் ஆசிரியருக்காகப் பணம் கொடுங்கள், அச்சடித்த கோப்புக்காகவும் சுவரில் மாட்டும் தாளுக்காகவும் கொடுக்காதீர்கள்.

அந்தத் தாளைப் பற்றி: வகுப்புக்கு வந்தார் என்று நிறுவனம் கொடுக்கும் பத்திரமும், பரீட்சை எழுதித் தேறினார் என்று சிஸ்கோவோ மைக்ரோசொப்ட்டோ கொடுக்கும் சான்றிதழும் ஒன்றல்ல. இரண்டாவதை இலக்கத்தை வைத்து இணையத்தில் சரிபார்க்க முடியும். கட்டணம் கட்டுமுன் பரீட்சைக் கட்டணம் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அரச துறை வேலையை நோக்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே வர்த்தமானியில் கேட்கப்படும் தகைமைதான் செல்லும், அது பெரும்பாலும் பட்டமாகவோ தேசிய தொழிற் தகைமை மட்டமாகவோ இருக்கும்.

காலாவதியைப் பார்க்காமல் தெரிவு செய்வதும் உண்டு. சிசிஎன்ஏ 3 ஆண்டுகள் செல்லும். அஷூரின் அடிப்படைச் சான்றிதழுக்கு முடிவுத் திகதி இல்லை. அதற்கு மேலுள்ள நிர்வாகிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அது இலவசம். மைக்ரோசொப்ட்டின் எம்சிஎஸ்ஏ என்ற பழைய சான்றிதழ் வரிசை 2021 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தக் காலத்துப் புத்தகத்தை அண்ணன்மாரிடம் வாங்கிப் படித்தால் பரீட்சை எழுத இடமே இருக்காது.

இனி டம்ப்ஸ். பரீட்சை வினாக்களைத் திருடி விற்கும் இந்தக் கோப்புகளை மனப்பாடம் செய்து தேறுவது, பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும் காரியம். பிடிபடாவிட்டாலும் நேர்முகப் பரீட்சையில் சாயம் வெளுத்துவிடும். சிசிஎன்ஏ வைத்திருப்பவரிடம் இப்படியொரு கேள்வி வரலாம்: கிளை அலுவலகத்தில் ஒரு கணினிக்கு இணையம் வரவில்லை, வயர் சரியாக இருக்கிறது, சுவிட்சில் விளக்கும் எரிகிறது, ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. முதலில் எங்கே பார்ப்பீர்கள்? வேலை தெரிந்தவருக்கு அந்த முகவரியைக் கண்டதுமே, கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையகத்திலிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது விளங்கிவிடும். பக்கத்துக் கணினிகளுக்கும் இதே நிலைதானா என்று பார்ப்பார். அவை நன்றாக இருந்தால், இந்தக் கணினி செருகப்பட்டிருக்கும் போர்ட் எந்த விலேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த வலையமைப்புப் பிரிவில்) இருக்கிறது என்று தேடுவார். எல்லாமே இப்படியென்றால் சேவையகத்துக்கோ, கோரிக்கையை அங்கே கடத்தும் ரவுட்டருக்கோ போவார். மனப்பாடக்காரருக்கு நான்கு விடைகளைத் தந்தால்தான் வாய் திறக்கும். பெக்கெட் ட்ரேசரில் ஒரு மாலை இந்தப் பழுதை நீங்களே உண்டாக்கி நீங்களே திருத்திப் பார்த்தால் இதெல்லாம் கைவந்துவிடும்.

முழுச் சான்றிதழும் கைக்கு வரும்வரை விண்ணப்பிக்காமல் காத்திருப்பதும் வீண். பரீட்சைத் திகதி குறித்தாயிற்று என்பதைச் சுயவிபரக் கோவையில் எழுதி, படித்துக்கொண்டே விண்ணப்பியுங்கள்.

திகதி குறிக்கும்போது மலைநாட்டுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. பரீட்சைகளை நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூ மூலம் வீட்டிலிருந்தே பல பரீட்சைகளை எழுதலாம் என்பது கொழும்புப் பயணச் செலவைப் பார்க்கையில் கவர்ச்சியாகத்தான் தெரியும். ஆனால் அறையின் நான்கு பக்கங்களையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். மேசை வெறுமையாக இருக்க வேண்டும். பரீட்சை முடியும்வரை வேறொருவர் அறைக்குள் வரக் கூடாது, நீங்கள் வாய்விட்டு வினாவை வாசிக்கவும் கூடாது. ஒரே அறையில் ஐந்து பேர் புழங்கும் லயன் வீட்டில் இது நடக்கிற காரியமில்லை. நகரத்தில் கதவு பூட்டக்கூடிய அறையுள்ள உறவினர் வீடு கிடைக்காவிட்டால் கொழும்புப் பரீட்சை நிலையத்துக்கே போய்விடுங்கள். பதிவு செய்யும் பெயர், காட்டப்போகும் அடையாள ஆவணத்திலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது நம்மவர்களிடையே சாதாரணம் என்பதால், கணக்கைத் திறக்கும் அன்றே இதைச் சரிபார்க்க வேண்டும். வீட்டில் எழுதுவதென்று முடிவெடுத்தால், ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தவர்கள் தென்மேற்குப் பருவமழை அடிக்கும் ஜூன், ஜூலையையும், பதுளைப் பக்கத்தவர்கள் வடகீழ்ப் பருவமழை வரும் மார்கழியையும் தவிர்க்கப் பாருங்கள். மரம் விழுந்து மின்சாரம் போனால் இணைப்பும் அதோடு போகும். திகதியை மாற்றுவதானால் பொதுவாக 24 மணித்தியாலத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும், பிந்தினால் கட்டணம் திரும்பி வராது.