எச்.ஐ.வி. மருந்து: கைக்கு எட்டியதை நழுவவிடும் தவறுகள்

எச்.ஐ.வி.க்கான முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987இல் வந்தது. தனியாகக் கொடுத்தபோது வைரஸ் கொஞ்ச காலத்திலேயே அதைச் சமாளித்துவிட்டது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சாவுகள் மளமளவென்று குறைந்தன. இன்று பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரை போதும். அதற்குள்ளேயே இரண்டு மூன்று மருந்துகள் அடங்கியிருக்கும். காலத்தோடு தொடங்கி விடாமல் சாப்பிடுபவரின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிட்டது. அப்படியும் சிலருக்குச் சிகிச்சை தோற்றுப்போகிறது. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், உடம்பு நன்றாக இருந்த நாட்களில் செய்த ஏதோ ஒரு சின்னக் காரியத்தில் போய் நிற்கும்.

"உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே, மருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது அவற்றில் ஒன்று. இதற்குப் பழைய நியாயம் உண்டு. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான, எச்.ஐ.வி. குறிவைக்கும் சிடி4 அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே, பின்னர் 350, அப்புறம் 500 என்று ஓர் எல்லைக்கு இறங்கும்வரை காத்திருக்கும்படி மருத்துவர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். 2015இல் வெளியான ஸ்டார்ட் ஆய்வு, உடனே தொடங்கியவர்களே நலமாக இருந்ததைக் காட்டியது. எண்ணிக்கை எதுவானாலும் தொற்று உறுதியானவுடன் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு அறிவித்தது. மூளை உறையில் காசநோயோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ தாக்கியிருந்தால் மட்டும் மருத்துவரே சில வாரங்கள் பொறுக்கச் சொல்வார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

என்னைக் கேட்டால், தள்ளிப்போடுவதைவிட மோசமானது நடுவில் நிறுத்துவது. பரிசோதனைத் தாளில் "வைரஸ் கண்டறியப்படவில்லை" என்று அச்சாகி வந்தால், நோய் போய்விட்டது என்று நினைக்கத்தான் தோன்றும். உண்மையில் வைரஸ் தன் மரபுப்பொருளைச் சில சிடி4 அணுக்களின் மரபணுவுக்குள்ளேயே சொருகிவிட்டு உறங்குகிறது. உறங்கும் அந்த அணுக்களை இன்றைய மாத்திரை எதுவும் அழிப்பதில்லை. மருந்து நின்றால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் என்ன என்று 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தது ஸ்மார்ட் ஆய்வு. நிறுத்தியவர்களிடையே சாவும், இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்புகளும் கூடியதால் அதை 2006இல் பாதியிலேயே முடிக்க வேண்டியதாயிற்று.

நிறுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது? எஃபாவிரென்ஸ், டெனோஃபோவிர், லாமிவுடின் மூன்றும் சேர்ந்த மாத்திரையை ஒருவர் திடீரென்று விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னவை இரண்டும் சில நாட்களில் வடிந்துவிடும். எஃபாவிரென்ஸ் மட்டும் ஓரிரு வாரங்களுக்கு மேலும் ரத்தத்தில் தங்கலாம். மூன்று பேர் காவல் நின்ற வாசலில் இப்போது ஒருவர்தான். அந்த ஒற்றை மருந்தைத் தாண்ட வைரஸுக்கு ஒரேயொரு மரபு மாற்றம் போதும். பின்னால் அதே மாத்திரைக்குத் திரும்பினால் அது பலிக்காமல் போகலாம். விட்டுவிட்டுச் சாப்பிடுவதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் கெடுக்கிறது. ஹெபடைடிஸ் பி-யும் உள்ளவர்களுக்கு இன்னோர் ஆபத்து: டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கி வைப்பவை, சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகக் கிளம்பலாம். பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றால் மருந்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். எஃபாவிரென்ஸால் வரும் கெட்ட கனவையும் தலைச்சுற்றலையும் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டிய காலம் போய்விட்டது.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் அதோடு தொடரலாம். ஈடுகட்டுவதாக நினைத்து இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.

இனி, பலர் கேள்விப்பட்டிராத ஒன்று. இன்று மிகப் பரவலாகத் தரப்படும் டோலுடெக்ராவிர், வைரஸ் தன் மரபுப்பொருளை அணுவின் மரபணுவுக்குள் சொருகப் பயன்படுத்தும் இன்டெக்ரேஸ் நொதியில் உள்ள மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டுதான் அதை முடக்குகிறது. உலோகத்தைப் பற்றும் அதே குணம் வயிற்றுக்குள் நமக்கு எதிராகத் திரும்பும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடில் அலுமினியமோ மக்னீசியமோ இருக்கும். டோலுடெக்ராவிர் அதோடு ஒட்டிக்கொண்டு, பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டும் மருந்து உடம்பில் போதிய அளவு சேராத கதை இது. ஆன்டாசிட் குடிப்பதானால் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரைச் சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான். சாப்பாட்டோடு சேர்த்து என்றால் மட்டும் இவற்றை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆன்டாசிடுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதையொட்டியதுதான், மற்ற மருத்துவர்களிடம் எச்.ஐ.வி. மருந்தைப் பற்றி மூச்சே விடாமல் இருப்பதும். ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் புரிகிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஆனால் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரின் அளவை இறக்கிவிடும். அப்போது நாளுக்கு இரண்டு முறை தர வேண்டியிருக்கும். டோலுடெக்ராவிரோ சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினின் அளவை ஏற்றிவிடும். ரிடோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிடுபவர் ஆஸ்துமாவுக்கான ஃபுளூட்டிகாசோன் இன்ஹேலரை உறிஞ்சினால், அந்த ஸ்டீராய்டு உடம்பில் தேங்கி முகம் ஊதும் அளவுக்குப் போகலாம். நோயின் பெயரைச் சொல்ல மனமில்லை என்றால் மருந்துச் சீட்டையாவது காட்டிவிடுங்கள். மூலிகைக் கலவையாக இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையே பல எச்.ஐ.வி. மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

தடுப்பில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. ஆணுறை கிழிந்தது, ஊசி குத்திவிட்டது என்றால் 28 நாள் அவசரத் தடுப்பு மருந்து இருக்கிறது. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பலர் மறுநாள் காலையில் பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த முடிவு நேற்று நடந்ததைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ரத்தநாளத்தில் எடுத்த ரத்தத்தைக் கொண்டு செய்யும், வைரஸின் புரதத்தையும் அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கே தொற்றைக் கண்டுபிடிக்க 18 முதல் 45 நாட்கள் ஆகும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள்வரைகூட ஆகலாம். காய்ச்சல் வருகிறதா என்று காத்திருப்பதும் வீண்.

முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மாத்திரை, அதாவது பிரெப், தினமும் சாப்பிடுபவருக்கு மிக நன்றாகக் காக்கும். தெரிந்தவரிடம் இருந்த மாத்திரையை வாங்கிப் பரிசோதனையே இல்லாமல் தொடங்குவதில்தான் வினை இருக்கிறது. ஏற்கெனவே தொற்று இருந்தால், இரண்டே மருந்து கொண்ட பிரெப் அதை முழுமையாக அடக்காது. மருந்துக்கு மசியாத வைரஸைத்தான் வளர்த்துவிடும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் சாப்பிடும் முறை பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. அவர்கள் தினமும் சாப்பிட வேண்டும். ஊசி வடிவங்களும் வந்துவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிரை 2024இல் ஓர் ஆய்வில் 2,134 பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தொற்று வரவில்லை. ஆனால் அடுத்த ஊசிக்குப் போகாமல் விட்டால் மருந்து மெல்ல மெல்லத்தான் குறையும். காக்கப் போதாத, மருந்துக்கு மசியாத வைரஸை வளர்க்க மட்டும் போதுமான அளவு மாதக்கணக்கில் உடம்பில் கிடக்கும்.

சிகிச்சையால் வைரஸ் அடங்கியவரைக் கண்டு அஞ்சுவதும் தவறுதான். 2019இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில் ஆண் இணையர்கள் சுமார் 76,000 முறை ஆணுறையின்றி உறவு கொண்டும், வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. இது உடலுறவுக்கான கணக்கு. ஊசியைப் பகிர்ந்துகொள்வதற்குப் பொருந்தாது. சிபிலிஸ், கொனோரியாவிலிருந்து காக்க ஆணுறைதான் வேண்டும்.

கருவுற்றதும் குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து மாத்திரையை விடும் பெண்கள் இருக்கிறார்கள். டோலுடெக்ராவிரால் சிசுவின் தண்டுவடம் பாதிக்கலாம் என்று 2018இல் ஓர் எச்சரிக்கை வந்தது. கூடுதல் தரவு சேர்ந்ததும் அந்த ஐயம் நீங்கி, 2019இல் உலக சுகாதார நிறுவனம் கருவுற்றவர்கள் உட்பட எல்லோருக்கும் அதைப் பரிந்துரைத்தது. சிகிச்சையே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு உண்டு. சிகிச்சை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பிறந்த குழந்தைக்குச் சாதாரண எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து, தொற்று இருப்பதாக வந்ததும் இடிந்துபோக வேண்டாம். தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம்வரை தங்கலாம். அதுவரை வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும்.